லாரிக்கு ஜி.பி.எஸ். வாங்கப் போறீங்களா? முதல்ல இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்க

சரக்கு வண்டிக் கணக்குகள் பற்றி நம்ம சேனல்ல பேச ஆரம்பிச்சதுல இருந்து திரும்பத் திரும்ப வரும் கேள்வி ஒண்ணு: "சார், லாரிக்கு எந்த ஜி.பி.எஸ். வாங்கலாம்?" வீடியோவில் பத்து நிமிஷத்தில் சொல்லி முடிக்க முடியாத விஷயம் இது. அதனால் எழுத்தில் கொஞ்சம் விரிவாகப் பார்க்கலாம்.

உதாரணத்துக்கு எடுத்துக்கொள்வது பள்ளிப்பட்டு. திருவள்ளூர் மாவட்டத்தின் மூலையில், திருத்தணி தாண்டி, ஆந்திராவுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் ஊர். 1960 ஏப்ரல் 1 வரை சித்தூர் மாவட்டத்தில் இருந்த பகுதி. எல்லை மாற்றத்தில் திருத்தணியோடு சேர்ந்து நம்ம பக்கம் வந்தது. இன்னிக்கும் கடைத்தெருவில் தமிழும் தெலுங்கும் கலந்துதான் கேட்கும். கரும்பு, மாம்பழம், ஜல்லி, நெசவுச் சரக்கு என்று லோடு எதுவானாலும், வண்டி அரை மணி நேரம் ஓடினால் மாநிலம் மாறிவிடும். வழியைத் தப்பாகக் காட்டினால் எவ்வளவு செலவு வரும் என்பதைப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல இடம் கிடையாது.

முதல் கேள்வி: யாருக்காக வாங்குறீங்க?

கடையில் போய் "ஜி.பி.எஸ்." என்று கேட்டால் இரண்டு விதமான பொருளை எடுத்து வைப்பார்கள். இரண்டுக்கும் பெயர் ஒன்று, வேலை வேறு.

ஒன்று, டிரைவருக்கு வழி சொல்வது. திரை இருக்கும், "இடது பக்கம் திரும்பவும்" என்று பேசும். நம்ம ஊரில் இந்த வேலையை 99 சதவீதம் போன்தான் செய்கிறது என்று சொன்னால் யாரும் சண்டைக்கு வரமாட்டீங்க.

இன்னொன்று, வண்டி எங்கே இருக்கிறது என்று ஓனருக்குச் சொல்வது. சின்னக் கறுப்புப் பெட்டி. டேஷ்போர்டுக்கு உள்ளே ஒளிந்திருக்கும். செயற்கைக்கோள் சிக்னலை வாங்கி, உள்ளே இருக்கும் சிம் கார்டு வழியாக ஒரு சர்வருக்கு அனுப்பும். அது உங்க போன் ஆப்பில் தெரியும். டிரைவருக்கு இதனால் ஒரு திருப்பம்கூடத் தெரியாது.

வழி தப்புது என்று புலம்பும் ஓனர் டிராக்கர் வாங்கிட்டு வருவார். டீசல் காணாமப் போகுது என்று சந்தேகப்படும் ஓனர் பெரிய திரை வாங்கி மாட்டுவார். இரண்டு பேருக்கும் காசு போகும், பிரச்சினை அப்படியே நிற்கும். அதனால் கடைக்குப் போகும் முன் ஒரு காகிதத்தில் எழுதிப் பாருங்க: போன மாசம் எனக்கு நஷ்டம் வந்தது வழி தெரியாததாலா, வண்டி எங்கே நின்றது என்று தெரியாததாலா?

வழிகாட்டி: கார் போகும் வழி லாரி போகும் வழி அல்ல

அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் லாரிக்கென்றே வழிகாட்டிக் கருவிகள் விற்கிறார்கள். கார்மின் நிறுவனத்தின் 'டீசல்' வரிசை பிரபலம். வண்டியின் உயரம், நீளம், எடை, சரக்கு வகை எல்லாம் உள்ளே போட்டுவிட்டால், தாழ்வான பாலத்தையும் எடை தாங்காத சாலையையும் ஒதுக்கி வழி சொல்லும். கார் கருவியை நம்பி ஓட்டிய லாரிகள் பாலத்தில் இடித்த கதை அங்கே ஏராளம். அதனால்தான் இப்படி ஒரு தனிச் சந்தையே உருவானது.

அதைப் பார்த்து, "வெளிநாட்டிலிருந்து வரும் மச்சானிடம் சொல்லி ஒண்ணு வாங்கிட்டு வரச் சொல்லலாமா?" என்று கேட்பவர்கள் உண்டு. வேண்டாம். அந்தக் கருவியின் மதிப்பு பெட்டியில் இல்லை, உள்ளே இருக்கும் வரைபடத்தில் இருக்கிறது. அந்த ஊர்ப் பாலங்களின் உயரத்தை யாரோ அளந்து பதிவு செய்திருக்கிறார்கள். பொதட்டூர்பேட்டை ரோட்டை அந்த அளவுக்கு அளந்து அதில் ஏற்றி வைக்காதபோது, பல ஆயிரம் ரூபாய் கொடுத்து வாங்கிய பெட்டி வெறும் திரைதான்.

சிஜிக் மாதிரி சில ஆப்களில் லாரிக்கான தனிப் பதிப்பு இருக்கிறது. வண்டி அளவைக் கேட்கும். ஆனால் அளவைக் கேட்பது வேறு, நம்ம ஊர் ரோட்டின் அளவு அதற்குத் தெரிந்திருப்பது வேறு. காசு கட்டும் முன் இலவச நாட்களில் ஒரு சோதனை செய்யுங்க. உங்களுக்கு நல்லாத் தெரிந்த ஒரு தாழ்வான ரயில்வே சுரங்கப்பாதையைத் தேர்ந்தெடுத்து, அதைத் தாண்டி ஒரு இடத்துக்கு வழி கேளுங்க. உங்க வண்டி உயரத்தைப் போட்ட பிறகும் அந்தச் சுரங்கப்பாதை வழியாகவே அனுப்பினால், சந்தாவுக்குப் பணம் கட்ட வேண்டாம்.

கூகுள் மேப்ஸ் 2024-ல் இந்தியாவுக்கென்று குறுகிய சாலைகளைத் தவிர்க்கும் வசதியைக் கொண்டுவந்தது. முதலில் வந்தது சென்னை, கோவை, பெங்களூரு, ஹைதராபாத் உட்பட 8 நகரங்களுக்கு. அதுவும் கார்களை மனதில் வைத்துச் செய்தது. பத்து சக்கர வண்டி கிராமத் தெருவில் திரும்புமா என்ற கணக்கு அதில் இல்லை.

பாலம் இருக்கா என்று வரைபடத்துக்குத் தெரியுமா?

பள்ளிப்பட்டுக்காரர்களுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. மழைக்காலத்தில் ஆந்திராவில் அம்மப்பள்ளி அணையைத் திறந்தால் கொசஸ்தலையாற்றில் தண்ணீர் வரும். தரைப்பாலங்கள் மூழ்கும். 2021 நவம்பர் மழையில் இந்தத் தாலுகா பட்ட பாடு ஞாபகம் இருக்கும். ஊர்க்காரர்கள் சுற்றுவழியில் போய்க்கொண்டிருக்கும்போது, போன் திரையில் அதே தரைப்பாலம் நீலக் கோடாக, எதுவும் நடக்காதது மாதிரி காட்டிக்கொண்டிருக்கும்.

இதன் விலை என்ன என்று உத்தரப் பிரதேசத்தில் பார்த்தோம். 2024 நவம்பரில் பரேலி, பதாயூன் பகுதியில் ராமகங்கை ஆற்றுப் பாலத்திலிருந்து ஒரு கார் விழுந்து 3 பேர் இறந்தார்கள். அந்தப் பாலத்தின் ஒரு பகுதியை வெள்ளம் முன்னமே அடித்துக்கொண்டு போயிருந்தது. போன் காட்டிய வழியில் வந்ததாகச் செய்திகள் சொன்னன. முன்னால் தடுப்பு இல்லை, எச்சரிக்கைப் பலகை இல்லை என்பதும் பேசப்பட்டது.

எந்த விலையில் எந்தக் கருவி வாங்கினாலும் இந்த ஒரு விஷயம் தீராது. அதற்கு இருக்கும் மருந்து இலவசம்: மழை நாளில் அந்த ஊர் டீக்கடைக்கோ, லோடு இறக்கும் இடத்துக்கோ ஒரு போன். திருத்தணி வழியாகப் போகிறவர்கள் ஆடிக் கிருத்திகைக்கும் டிசம்பர் 31 படித் திருவிழாவுக்கும் இதையே செய்யணும். போலீஸ் வண்டிகளைத் திருப்பி விடுவது ஆப்புக்குத் தெரிவதற்குள் உங்க வண்டி கூட்டத்தில் மாட்டியிருக்கும்.

குறுக்கு வழி எல்லையைத் தாண்டினால்

இப்போ என் தொழில் சம்பந்தமான இடத்துக்கு வர்றேன். இதைப் பெரும்பாலானவர்கள் யோசிப்பதே இல்லை.

பள்ளிப்பட்டிலிருந்து திருத்தணிக்குப் பொதட்டூர்பேட்டை வழியாகவும் போகலாம், கிழக்கே நகரிக்குப் போய் தேசிய நெடுஞ்சாலை 716-ஐப் பிடித்தும் வரலாம். நகரி ஆந்திரா. ஆப்புக்கு எல்லைக்கோடு ஒரு பொருட்டே இல்லை. நெடுஞ்சாலை வேகமாக இருந்தால் அந்தப் பக்கம்தான் தள்ளும்.

அங்கே இரண்டு சிக்கல்.

முதலாவது பெர்மிட். தமிழ்நாட்டுக்குள் மட்டும் ஓட அனுமதி உள்ள சரக்கு வண்டி, தேசிய பெர்மிட்டோ அந்த மாநிலத்தின் கவுன்டர் சிக்னேச்சரோ இல்லாமல் எல்லை தாண்டக் கூடாது. தேசிய பெர்மிட்டுக்கு வருடக் கட்டணமே ரூ.16,500. உள்ளூர் லோடுதான் என்று அதை எடுக்காமல் விட்டவர், ஆப் பேச்சைக் கேட்டு நகரியில் போய் நின்றால், அபராதம் கட்டுவது ஆப் கம்பெனி இல்லை.

இரண்டாவது இ-வே பில். தமிழ்நாட்டுக்குள் போகும் சரக்குக்கு ரூ.1 லட்சம் வரை இ-வே பில் தேவையில்லை. மாநிலம் விட்டு மாநிலம் என்றால் ரூ.50,000-ஐத் தாண்டினாலே வேண்டும். சரி, புறப்படுவதும் தமிழ்நாடு, இறங்குவதும் தமிழ்நாடு, நடுவில் மட்டும் ஆந்திராவைத் தொட்டு வந்தால்? இன்னொரு மாநிலத்தைக் கடந்து போவதற்கு விலக்கு எதுவும் இல்லை, இ-வே பில் வேண்டும் என்று அரசின் கேள்வி-பதில் விளக்கத்திலேயே இருக்கிறது. ரூ.80,000 சரக்கு பொதட்டூர்பேட்டை வழியாகப் போனால் பிரச்சினை இல்லை. அதே சரக்கு அதே வண்டியில் நகரி வழியாகப் போனால் காகிதம் இல்லாத சரக்கு.

பிடித்தால் என்ன ஆகும்? ஜி.எஸ்.டி. சட்டம் 129-ஆம் பிரிவின்படி, சரக்கின் சொந்தக்காரர் முன்வந்தால் வரியில் 200 சதவீதம் அபராதம். ரூ.80,000 சரக்குக்கு 18 சதவீதம் வரி ரூ.14,400. அபராதம் ரூ.28,800. அதைச் சரக்குக்காரர் கட்டினாலும், அவர் கட்டி முடிக்கும் வரை அங்கே நிற்பது உங்க வண்டி. ஈ.எம்.ஐ. நிற்காது.

இதற்குக் கருவியே வேண்டாம். ஆப்பில் வழி போடும்போது நடுவில் பொதட்டூர்பேட்டையை ஒரு நிறுத்தமாகச் சேர்த்துவிடுங்க. ஆப் அந்த வழியாகத்தான் போகணும். டிராக்கர் வைத்திருப்பவர்கள் எல்லையை ஒட்டி ஒரு வேலி மாதிரி வரைந்து வைக்கலாம். வண்டி தாண்டியதும் உங்க போனுக்குத் தகவல் வரும். பெரும்பாலான டிராக்கர் ஆப்களில் இந்த ஜியோ-ஃபென்ஸ் வசதி இருக்கிறது, பயன்படுத்துபவர்கள்தான் குறைவு.

டிராக்கர்: சட்டம் யாரைக் கட்டாயப்படுத்துது?

"சார், ஏ.ஐ.எஸ். 140 எல்லா லாரிக்கும் கட்டாயம் ஆகிடுச்சு, உடனே மாட்டலைன்னா எஃப்.சி. கிடைக்காது" என்று ஒரு விற்பனையாளர் சொன்னதாக ஒரு வாடிக்கையாளர் பதறிப்போய்க் கேட்டார். அவர் வண்டியில் ஏற்றுவது கரும்பு.

விஷயம் இதுதான். ஏ.ஐ.எஸ். 140 என்பது டிராக்கருக்கான அரசுத் தரம். மத்திய மோட்டார் வாகன விதிகளில் 125எச் என்ற விதி 2016 நவம்பரில் சேர்க்கப்பட்டது. அது பேசுவது பஸ், டாக்சி மாதிரி பயணிகளை ஏற்றும் பொதுச் சேவை வாகனங்களைப் பற்றி. சரக்கு வண்டிகளில், அபாயகரமான பொருள் ஏற்றும் என்2, என்3 வகை வண்டிகளுக்கு (அதாவது மொத்த எடை 3.5 டன்னுக்கு மேல்) 2022-ல் தனி அறிவிப்பு வந்தது. புது மாடலுக்கு 2022 செப்டம்பர் 1, ஏற்கெனவே விற்பனையில் இருந்த மாடலுக்கு 2023 ஜனவரி 1 முதல் தயாராகும் வண்டிகளுக்கு அது பொருந்தும்.

நீங்க எரிவாயு, ஆசிட், பெட்ரோல் மாதிரி ஏற்றினால் ஏ.ஐ.எஸ். 140-ஐத் தவிர வேறு எதையும் பார்க்காதீங்க. ஜல்லி, மணல் போல கனிமம் ஏற்றுபவர்கள், மாநிலம் தனியாக எதுவும் கேட்கிறதா என்று ஆர்.டி.ஓ. ஆபீஸிலும் கனிமவளத் துறையிலும் விசாரித்துவிட்டு வாங்குங்க. சில பெரிய ஆலைகள், சிமென்ட் கம்பெனிகள், ஒப்பந்தத்திலேயே டிராக்கர் கேட்கும். அப்போ அது சட்டம் இல்லை, வியாபார நிபந்தனை. கரும்பும் மாம்பழமும் ஏற்றும் ஒற்றை வண்டிக்கு "கட்டாயம்" என்ற வார்த்தையைச் சொல்பவரிடம், எந்த அறிவிப்பு, எந்தத் தேதி என்று எழுதிக் கேளுங்க. பெரும்பாலும் பேச்சு அங்கேயே முடிந்துவிடும்.

இன்னொரு பேச்சும் ஓடுது: "டோல் எல்லாம் சேட்டிலைட் ஆகப்போகுது, ஜி.பி.எஸ். இல்லாத வண்டி ஓடவே முடியாது." 2024 செப்டம்பரில் சேட்டிலைட் வழியாக டோல் வசூலிக்க விதியைத் திருத்தியது உண்மை. ஆனால் 2025 மே 1 முதல் நாடு முழுக்க வருகிறது என்ற செய்தி பரவியபோது, அப்படி முடிவு எதுவும் எடுக்கவில்லை என்று மத்திய அரசே 2025 ஏப்ரலில் விளக்கம் கொடுத்தது. அப்படியே வந்தாலும் அதற்கான கருவி வேறு. கடையில் வாங்கிய டிராக்கர் டோல் கட்டாது.

வாங்கும் முன் உங்க வண்டியைப் பாருங்க

சமீபத்தில் புது வண்டி எடுத்தவர்களுக்கு ஒரு முக்கியமான விஷயம். பி.எஸ்.6 வந்த பிறகு பல கனரக வண்டிகளில் கம்பெனியே டிராக்கர் வைத்துத்தான் தருகிறது. டாடாவில் 'ஃப்ளீட் எட்ஜ்', அசோக் லேலண்டில் 'ஐ-அலர்ட்' என்று பெயர். வண்டி எங்கே, எவ்வளவு வேகம், எஞ்சின் எவ்வளவு நேரம் சும்மா ஓடியது என்று எல்லாம் அதில் தெரியும். டெலிவரி அன்று ஷோரூமில் ஒரு ஆப் போட்டுக் கொடுத்திருப்பார்கள், அதை மறந்துவிட்டு வெளியே இன்னொரு டிராக்கருக்கு வருடச் சந்தா கட்டுபவர்கள் இருக்கிறார்கள். முதலில் டீலருக்குப் போன் போட்டு, என் வண்டியில் இருக்கா, சந்தா எது வரைக்கும், புதுப்பிக்க எவ்வளவு என்று மூன்று கேள்வி கேளுங்க.

பெட்டி விலை இல்லை, ஐந்து வருட விலை

டிராக்கர் வியாபாரத்தில் லாபம் பெட்டியில் இல்லை, சந்தாவில் இருக்கிறது. போன் சிம் மாதிரிதான். லாரிக்காரர்களுக்கு ஃபாஸ்டேக்கும் டிராக்கரும் விற்கும் பிளாக்பக் நிறுவனம் 2024 நவம்பரில் பங்குச் சந்தைக்கே வந்துவிட்டது. வருடா வருடம் வரும் சந்தாவுக்கு எவ்வளவு மதிப்பு என்று இதிலிருந்தே புரிந்துகொள்ளலாம். அதில் தப்பு ஒன்றும் இல்லை. நாம் நம்ம பக்கக் கணக்கைப் போட வேண்டும், அவ்வளவுதான்.

இரண்டு பெட்டிகளை எடுத்துக்கொள்வோம். எண்கள் புரிவதற்காக நான் வைத்தவை. உங்க கடைக்காரர் சொல்லும் எண்ணை அந்த இடத்தில் போட்டுக்கொள்ளுங்க.

முதல் பெட்டி: விலை ரூ.2,500, ஒரு வருடச் சந்தா இலவசம், அடுத்த வருடத்திலிருந்து வருடம் ரூ.2,000. ஐந்து வருடத்துக்கு 2,500 + (4 × 2,000) = ரூ.10,500.

இரண்டாவது பெட்டி: விலை ரூ.5,000, ஒரு வருடச் சந்தா இலவசம், பிறகு வருடம் ரூ.900. ஐந்து வருடத்துக்கு 5,000 + (4 × 900) = ரூ.8,600.

18 சதவீதம் ஜி.எஸ்.டி. சேர்த்தால் முதலாவது ரூ.12,390, இரண்டாவது ரூ.10,148. பாதி விலைக்குக் கிடைத்தது என்று சந்தோஷப்பட்டு வாங்கிய பெட்டி ரூ.2,242 அதிகம் பிடுங்கியிருக்கும். அதனால் புதுப்பிக்கும் கட்டணம் எவ்வளவு, அது ஏறாது என்பதற்கு என்ன உத்தரவாதம் என்பதை பில்லிலேயே எழுதி வாங்குங்க.

"வரி மிச்சம் ஆகும்" என்று சொன்னால்

இது என் ஏரியா. "சார், வாங்கினா இன்கம்டாக்ஸில் கழிச்சுக்கலாம், ஜி.எஸ்.டி. திரும்பக் கிடைக்கும்" என்று சொல்வார்கள். ஒரு வண்டி, இரண்டு வண்டி வைத்திருப்பவருக்கு இரண்டுமே பெரும்பாலும் கிடைக்காது.

வருமான வரியில் 10 சரக்கு வண்டி வரை வைத்திருப்பவர்கள் உத்தேச வருமானம் காட்டலாம். 1961 சட்டத்தில் இது 44ஏஇ. 2026 ஏப்ரல் 1 முதல் அமலாகும் புதுச் சட்டத்தில் பிரிவு எண் வேறு. மொத்த எடை 12 டன்னுக்கு மேல் என்றால் டன்னுக்கு மாதம் ரூ.1,000, அதற்குக் கீழ் என்றால் வண்டிக்கு மாதம் ரூ.7,500 வருமானமாக எடுத்துக்கொள்வார்கள். ஆர்.சி.யில் 25 டன் இருக்கும் வண்டிக்கு மாதம் ரூ.25,000, வருடம் ரூ.3,00,000. உண்மையில் அதைவிட அதிகம் சம்பாதித்ததாக நீங்களே காட்டினால் அந்தத் தொகை. டீசல், டயர், தேய்மானம் எல்லாச் செலவும் அதற்குள் கழிந்ததாகவே கணக்கு. அப்புறம் ஜி.பி.எஸ்.க்கு என்று தனியாகக் கழிக்க இடமே இல்லை.

இன்னொன்றையும் பாருங்க. வேறு வருமானம் இல்லாத தனிநபருக்கு, 2025-26 நிதியாண்டு முதல் புதிய வரிமுறையில் ரூ.12 லட்சம் வருமானம் வரை தள்ளுபடி போக வரியே வராது. கட்டாத வரியில் எதை மிச்சம் பிடிப்பது?

ஜி.எஸ்.டி.யும் அப்படித்தான். சொந்தமாக எல்.ஆர். போடாமல், வண்டியை டிரான்ஸ்போர்ட் ஏஜென்சிக்கு வாடகைக்கு விடுபவரின் வருமானத்துக்கு ஜி.எஸ்.டி. விலக்கு. வெளியே வரி இல்லை என்றால் உள்ளே கட்டிய வரியும் திரும்ப வராது. அந்த 18 சதவீதம் உங்க செலவு. ஏஜென்சியாகவே பதிவு செய்து, வரவு எடுத்துக்கொள்ளும் விகிதத்தில் வரி கட்டுபவர்களுக்கு மட்டும் கணக்கு வேறு. அவர்கள் பில்லில் தங்கள் ஜி.எஸ்.டி. எண் சரியாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

முடிவு என்ன? வரிக்காக வாங்காதீங்க. பெட்டி தன் விலையைத் தானே சம்பாதிக்குமா என்று மட்டும் பாருங்க.

எப்படிச் சம்பாதிக்கும்?

டீசல் லிட்டர் ரூ.96, வண்டி லிட்டருக்கு 4 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். கிலோமீட்டருக்கு ரூ.24. வழி தப்பி 15 கிலோமீட்டர் சுற்றினால் ரூ.360 போச்சு. வண்டி நின்றபடி எஞ்சின் தினம் அரை மணி நேரம் சும்மா ஓடுது, மணிக்கு ஒன்றரை லிட்டர் குடிக்குது என்றால், மாதம் 25 நாளில் 18.75 லிட்டர். ரூ.1,800. மேலே பார்த்த இரண்டாவது பெட்டியின் ஐந்து வருட விலை, ஆறு மாதத்தில் திரும்பிவிடும். ஆனால் அந்த அறிக்கையை வாரம் ஒருமுறை திறந்து பார்த்து டிரைவரிடம் பேசினால்தான். பார்க்காத டிராக்கர் வருடத்துக்கு ஒருமுறை பணம் கேட்கும் பெட்டி.

இன்னொரு வருமானம் ஹால்டிங். ஆலை வாசலில் வண்டி ஒன்றரை நாள் நின்றது என்று நீங்க சொல்ல, காலையில்தான் வந்தது என்று அவர்கள் சொல்ல, கடைசியில் ஆயிரம் ரெண்டாயிரத்தில் முடிந்துவிடும். வண்டி எத்தனை மணிக்கு வாசலுக்கு வந்தது, எப்போது கிளம்பியது என்ற அறிக்கையை பில்லோடு இணைத்து அனுப்புங்க. பேச்சு வேறு மாதிரி இருக்கும். இதையே இ-வே பில்லுக்கும் பயன்படுத்தலாம். 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள்தான் செல்லுபடி. வண்டி பழுதாகி வழியில் நின்றால், காலாவதி ஆவதற்கு 8 மணி நேரம் முன்னும் பின்னும்தான் நீட்டிக்க முடியும். வண்டி ஓடாமல் நிற்கிறது என்று சரியான நேரத்தில் தெரிவது இங்கே பணம்.

டிரைவரிடம் சொல்லிட்டு மாட்டுங்க

ஒளித்து வைத்து மாட்டும் டிராக்கர் முதல் வாரத்திலேயே தெரிந்துவிடும். அப்புறம் ஒயர் "தானாக" கழன்றுபோகும். அது டெக்னாலஜி பிரச்சினை இல்லை, மனசு பிரச்சினை. "அண்ணே, வண்டில டிராக்கர் மாட்டுறேன். ராத்திரி எங்கயாவது ஆபத்துன்னா நீங்க எங்க இருக்கீங்கன்னு எனக்குத் தெரியணும். மிச்சமாகுற டீசல்ல உங்களுக்கும் பங்கு உண்டு" என்று நேராகச் சொல்லுங்க. சொன்ன பங்கை மாதக் கடைசியில் கொடுங்க. ரூ.1,800 மிச்சமானால் ரூ.600 டிரைவருக்குக் கொடுத்தாலும் உங்களுக்கு ரூ.1,200. நல்ல டிரைவர் வேலையை விட்டுப் போய், வண்டி பத்து நாள் நின்றால் ஆகும் நஷ்டத்தோடு ஒப்பிட்டுப் பாருங்க.

அதே மாதிரி, ஓடும் வண்டியின் எஞ்சினை போனிலிருந்தே நிறுத்தும் வசதியைப் பெருமையாகக் காட்டுவார்கள். திருட்டுக்கு உதவும் என்பது உண்மை. ஓடிக்கொண்டிருக்கும் லோடு வண்டியில் அதைத் தொடுவது உயிரோடு விளையாடுவது. வண்டி நின்ற பிறகு மட்டும் வேலை செய்யும்படி அமைக்க முடியாதென்றால் அந்த வசதியே வேண்டாம்.

கடையில் கேட்க வேண்டியவை

1. சிம் 4ஜியா, 2ஜி மட்டுமா? மலிவான பெட்டிகள் பல 2ஜி. சில நெட்வொர்க்கில் 2ஜியே கிடையாது.

2. சிக்னல் இல்லாத இடத்தில் தகவலைச் சேமித்து வைத்து, சிக்னல் வந்ததும் அனுப்புமா? எல்லைப் பகுதியில் ஓடும் வண்டிக்கு இது ரொம்ப முக்கியம்.

3. ஒயரைப் பிடுங்கினால் உள் பேட்டரியில் எவ்வளவு நேரம் ஓடும்? பிடுங்கியதும் தகவல் வருமா?

4. பழைய பயண விவரம் எத்தனை மாதம் இருக்கும், அதை எக்செல் ஆக எடுக்க முடியுமா? ஹால்டிங் பில்லுக்கு இது இல்லாமல் ஆகாது.

5. ஒயரிங்கை யார் செய்வது, அதனால் வண்டி வாரண்டி பாதிக்குமா?

பணத்தை யு.பி.ஐ.யில் கட்டி, உங்க பெயரில் பில் வாங்குங்க.

யாருக்கு எது?

நீங்களே ஓனர், நீங்களே டிரைவர் என்றால் டிராக்கருக்குப் பணம் கட்ட அவசரமே இல்லை. உறுதியான ஒரு போன் ஹோல்டர், நல்ல சார்ஜர், வீட்டு வைஃபையில் இறக்கி வைத்த ஆஃப்லைன் வரைபடம் போதும். போனைக் கையில் பிடித்து ஓட்டாதீங்க. வழி பார்ப்பதற்காக, கவனம் சிதறாத வகையில் போனைப் பயன்படுத்த 2020 அக்டோபர் முதல் விதி இடம் தருகிறது. பேசிக்கொண்டே ஓட்ட அது அனுமதி இல்லை.

ஒரு வண்டி, டிரைவர் வேறு என்றால், புதுப்பிக்கும் கட்டணம் குறைந்த சாதாரண டிராக்கர். முதலில் ஒரு வருடம் மட்டும். ஐந்து வருடத்துக்கு மொத்தமாகக் கட்டினால் தள்ளுபடி என்பார்கள், கம்பெனி அதுவரை இருக்குமா என்பதை யாரும் சொல்லமாட்டார்கள். மூன்று நான்கு வண்டிக்கு மேல் என்றால் எல்லாவற்றுக்கும் ஒரே ஆப், எக்செல் அறிக்கை, ஜியோ-ஃபென்ஸ் மூன்றும் வேண்டும். அபாயகரமான சரக்கு என்றால் ஏ.ஐ.எஸ். 140, பேச்சே இல்லை.

இந்த வாரம் ஒரே ஒரு வேலை செய்யுங்க. போன மூன்று மாத டிரிப் ஷீட்டை எடுத்து, வழி தப்பியது, காத்துக் கிடந்தது, டீசல் உதைத்தது என்று மூன்று தலைப்பில் ரூபாயை எழுதிக் கூட்டுங்க. மூன்றும் சேர்ந்து மாதம் ஐந்நூறு ரூபாய்கூட வரவில்லை என்றால், அந்தப் பணத்தை அடுத்த டயருக்கு எடுத்து வைங்க. அதைத் தாண்டினால், எந்தத் தலைப்பு பெரிதோ அதற்கான பெட்டியை வாங்குங்க.